ஓட்டை போட்ட நண்டுகிட்ட கானாங்கோழி கேட்டது

ஒரு ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஏரி இருந்துச்சாம். காட்டு ராஜா சிங்கம், அந்த ஏரிக்கரையைப் பாத்துக்க நாலு பேரை வேலைக்கு வச்சிருந்துச்சாம். எருமை, நண்டு, கானாங்கோழி மூணும் வேலையாளுங்க, நரி மேஸ்திரி. நரிக்கு என்ன வேலைன்னு கேக்குறியா? கத்துறதுதான்.

கானாங்கோழி கரைக்கு வெளிப்பக்கம், அடியில இருந்த கோரையில முட்டை வச்சிருந்துச்சு. ஐப்பசி மழை கொட்டு கொட்டுன்னு கொட்டி, ஏரி நெறஞ்சு, ஒரு நாள் மத்தியானம் பாத்தா கரையில தண்ணி கசியுது. கரை ஒடைஞ்சா மொதல்ல போறது முட்டைதான்.

நரி மேட்டுல நின்னுக்கிட்டு, "எவன்டா ஓட்டை போட்டது? யாராவது அடைங்கடா"ன்னு கத்துச்சாம். போட்டது நண்டு. வளை தோண்டாம நண்டு எங்க போயி இருக்கும், பாவம். நரி கத்துச்சு, நண்டு பயந்து உள்ள போச்சு. மறுபடி கத்துச்சு, இன்னும் உள்ள போச்சு. மறுபடி கத்துச்சு, இன்னும் இன்னும் உள்ள போச்சு. எருமையோ, மேஸ்திரி நண்டைத்தான் சொல்றாரு போலன்னு அசை போட்டுக்கிட்டு நிக்குது.

கானாங்கோழிக்கு உதவி கேக்கக் கூச்சம். எருமைகிட்டப் போயி, "தண்ணி கசியுதேக்கா"ன்னு பெருமூச்சு விட்டுச்சாம்.

"ஆமா கண்ணு, கசியுது"ன்னுச்சாம் எருமை. அவ்ளோதான்.

எங்க ஓரகத்தி இப்படித்தான், "கேஸ் தீந்துபோச்சே"ன்னு அடுப்பப் பாத்துச் சொல்லுவா. அடுப்பா போயி சிலிண்டர் தூக்கிட்டு வரும்? சரி, எங்க விட்டேன்... கசிவுல.

தண்ணி முட்டைக்கிட்ட வந்துடுச்சு. அப்புறம் கானாங்கோழி கூச்சத்த விட்டுட்டு வளை வாசல்ல போயி நின்னு, "நண்டு மாமா, உங்கள வைய வரல. இந்த வளை ஏரிப்பக்கம் எங்க தொறக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். கரை ஒடையறதுக்குள்ள வந்து காட்டுறீங்களா?"ன்னு கேட்டுச்சாம்.

நண்டு ஒரு கண்ண மட்டும் வெளிய நீட்டுச்சு. "இவ்ளோதானா? வரேன், வா."

அப்புறம் கானாங்கோழி எருமைகிட்டப் போயி, "அக்கா, மாமா காட்டுற எடத்துல குறுக்க படுத்து தண்ணிய மறிக்கிறீங்களா? மாமா களிமண்ணு வச்சு அடைக்கிற வரைக்கும் போதும். முடியலன்னா சொல்லிடுங்க, வேற வழி பாக்குறேன்."

"படுக்கறதுதான? அதுக்குத்தான கண்ணு நான் பொறந்ததே."

எருமை படுத்துச்சு, நண்டு அடைச்சுச்சு, கசிவு நின்னுச்சு.

அந்த நேரம் பாத்து ராஜா வந்துச்சு. உடனே நரி, தான்தான் அடைச்ச மாதிரி காட்டிக்க ஓடியாந்து, வழுக்கி, கழுத்துவரைக்கும் சேத்துல விழுந்துச்சு. "யாராவது தூக்குங்கடா"ன்னு கத்துச்சு. நண்டு எருமையப் பாத்துச்சு, எருமை கானாங்கோழியப் பாத்துச்சு, கானாங்கோழி முட்டையப் பாத்துச்சு.

சேறு மோவாய்க்கு ஏறினதும் நரிக்குக் குரல் எறங்கிப்போச்சு. "எருமையக்கா, உங்க வால இந்தப் பக்கம் போடுறீங்களா? புடிச்சு ஏறிக்கறேன்."

"இந்தா தம்பி, புடிச்சுக்க."

இதெல்லாம் பாத்துக்கிட்டிருந்த ராஜா, கானாங்கோழிய மேஸ்திரி ஆக்கிடுச்சாம். நரிக்கு மண்ணு சொமக்குற வேலை. அதுகிட்டயும் கானாங்கோழி, "நரித்தம்பி, பொழுது சாயறதுக்குள்ள ஒரு கூடை மண்ணு கொண்டாறீங்களா"ன்னுதான் கேக்குமாம்.

கரை நின்னுச்சு, குஞ்சு பொரிஞ்சுச்சு, கதையும் கரை சேந்துச்சு.

யாரது, "தாகமா இருக்கே"ன்னு கூரையப் பாத்துச் சொல்றது? கூரையா எந்திரிச்சு தண்ணி மொண்டு தரும்?