பனிக்கோட்டிலிருந்து வெண்சரிவுக்கு இரண்டு நாள்

வழுதி ராஜாவின் நாட்டில் வடகோடியில் இரண்டு பனி ஊர்கள். ஒன்று பனிக்கோடு, இன்னொன்று வெண்சரிவு. நடுவே மலை. அது எப்பேர்ப்பட்ட மலை என்று சுற்றி நடந்தவர்களுக்குத் தெரியும். மெத்தையில் சாய்ந்து வரைபடம் போடும் அமைச்சர் சேந்தனாருக்கோ அது ஒரு சுழித்த கோடு, அவ்வளவுதான்.

பனிக்கோட்டுக் கோட்டைக் காவலன் எயினன். அவன் மனைவி பிரசவத்துக்கு வெண்சரிவில் தாய்வீடு போயிருந்தாள். விடுப்புக் கேட்டான். சேந்தனார் வரைபடத்தில் நூலை நீட்டி அளந்தார்.

"பறவை போகிற தூரம் பத்துக் காதம். போக இரண்டு நாள், வர இரண்டு நாள்."

பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு அவன் திரும்பியது இருபத்துநாலாம் நாள். வேலை போயிற்று. கோட்டைக்குள் இருந்த வீடும் போயிற்று. தலைநகருக்கே வந்து அழுதான்.

"கைக்குழந்தையை எங்கே வைத்துக்கொள்வேன், ராஜா? மலையைச் சுற்றித்தானே பாதை?"

சேந்தனார் விடுவாரா? "நூல் பொய் சொல்லாது, அரசே. நாளைக்கு ஊரே சுற்றினேன் என்று சாக்குச் சொல்லும்."

ராஜாவும் தலையாட்டி ஆணை போட்டுவிட்டார். நேர்தூரத்துக்கு ஆகும் நேரத்தைத் தாண்டித் தாமதித்தால் யாராயிருந்தாலும் வேலை இல்லை. அரண்மனை ஊழியருக்கும் சேர்த்து.

சபையில் இருந்த விகடகவி கூத்தன் எழுந்தான். நேரே மடைப்பள்ளிக்குப் போனான்.

மறுநாள் மத்தியானம். ராஜாவும் சேந்தனாரும் இலைமுன் உட்கார்ந்தார்கள். இலை காலி. பக்கத்துச் சுவருக்கு மேலே வத்தக்குழம்பு வாசனை மட்டும் வந்தது.

"சாப்பாடு எங்கே, கூத்தா?"

"வந்துவிட்டது, ராஜா. சுவருக்கு அந்தப் பக்கம். இங்கிருந்து இரண்டு முழம்."

"உள்ளே கொண்டுவரச் சொல்."

"சுவர் இருக்கிறதே."

"வழக்கம்போல சுற்றிக்கொண்டு வரட்டுமே," என்றார் ராஜா.

சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே வாசலே வைக்காமல் சுவர் எழுப்பினவன் ஒருநாளாவது பரிமாறியிருப்பானா? அந்தச் சுற்று மூன்று முற்றம், ஒரு யானைக்கொட்டில்.

சுவருக்கு அப்பாலிருந்து சமையல்காரர் சிங்காரத்தின் குரல் வந்தது. "மாட்டேன், ராஜா. இரண்டு முழத்துக்கு ஒரு மூச்சு நேரம். சுற்றினால் அரை நாழிகை. எனக்கும் நாலு பிள்ளைகள். வேலை போய்விடும்."

"நான் சொல்கிறேன், வா."

"நேற்றும் நீங்கள்தான் சொன்னீர்கள்."

ராஜாவின் வயிறு கூடமே கேட்க முழங்கியது. சேந்தனார் குனிந்து இலையின் நரம்பை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்பளம் நமுத்துப்போகும், ராஜா," என்றான் கூத்தன் மெதுவாக.

அதற்குமேல் தாங்குமா? "ஆணை ரத்து. எயினனுக்கு வேலையும் வீடும் உண்டு. இனி நடக்கிற வழிக்குத்தான் நாள் கணக்கு. சிங்காரம், சுற்றி வா, சாவகாசமாக வா... ரொம்பச் சாவகாசம் வேண்டாம்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றிக் கூத்தனுக்குப் போட்டார். பிறகு பக்கத்து இலைக்குத் திரும்பினார்.

"சேந்தனாரே, எயினன் மனைவியையும் குழந்தையையும் வெண்சரிவிலிருந்து பனிக்கோட்டுக்கு நீரே கூட்டிக்கொண்டு போய் விடும். அந்த மலைக்கு எத்தனை நாள் வேண்டும்?"

சேந்தனார் நூலைத் தொடவே இல்லை.

"ஒரு மாதமாவது ஆகும், அரசே. வழி ரொம்பச் சுற்று."