தங்கக் கப்பல் வருதுங்களா?

இணையத்தில் விண்கப்பல் ஓட்டும் விளையாட்டு ஒன்று. அதில் நாற்பது பேர் கொண்ட குழுவுக்குத் தலைவர் குணசீலன். நிஜத்தில் திருப்பூரில் ஃபேன் கடைக்காரர். விளையாட்டில் அவர் பெயர் மாமன்னர், ஏறுவது தங்கக் கப்பல்.

அந்தக் குழுவுக்குச் சரக்குக் கப்பல் ஓட்டுகிறவள் பூங்கோதை. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை. நாள் முழுக்க வாடகைப் பேச்சைக் கேட்டுப் பழகிய காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் ஹெட்போனில் இருக்கும்போது மாமன்னர் அறிவித்தார்.

"இனிமேல் சிவப்புக் கோளுக்குச் சரக்குக் கூலி நூறு நாணயம்தான்."

"எரிபொருளுக்கே எண்பது ஆகுதுங்கண்ணா," என்றாள் பூங்கோதை. "வழியில கொள்ளைக்காரங்க வேற."

"என் ஆட்சியில கொள்ளைக்காரனா? அந்தப் பாதை அவ்வளவு பத்திரம். நூறுக்கு ஓட்டு, இல்லைன்னா குழுவை விட்டுக் கிளம்பு."

"சரிங்கண்ணா, நூறுக்கே ஓட்டுறேன். மொத நடைக்கு மட்டும் நீங்க தங்கக் கப்பல்ல முன்னால வாங்க. எங்களுக்கும் பெருமையா இருக்கும்."

மாமன்னர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"அதெப்படிம்மா? ஆறு மாசம் விளையாடிச் சேர்த்த கப்பல். எவனாவது சுட்டுட்டா?"

"எவன் சுடுவானுங்க? பாதைதான் பத்திரமாச்சே! என் கப்பலும் ஆறு மாசம் விளையாடி வாங்குனதுதானுங்க."

குழுவே சிரித்தது. "கடைக்கு ஆள் வந்தாச்சு" என்று மாமன்னர் இணைப்பைத் துண்டித்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை திறப்பதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். கூலி முந்நூறு ஆகியிருந்தது.

இப்போதும் அவர் கூலியைக் குறைக்க வாயெடுத்தால், சரக்கு ஓட்டுகிறவர்கள் ரொம்ப மரியாதையாகக் கேட்கிறார்கள்: "தங்கக் கப்பல் வருதுங்களா?"