முள் நின்ற இடம்

"இந்த இன்ஜின் சொல்லாம கொள்ளாம செத்துப்போவுது சாமி," என்றார் வைத்திலிங்கம்.

போன புயலில் அப்படித்தான் ஆயிற்று. மடத்து ஜெனரேட்டரில் ஆயில் கொதித்து, இன்ஜின் ஜாம் ஆகி நின்றது. ஆக்ஸிஜன் மெஷினை நம்பிப் படுத்திருந்த ஒரு அம்மாள் அதோடு போய்விட்டாள்.

"என்ன செய்யலாம்ணே?" என்றார் சாமி.

சாமிக்கு நாற்பது ஆகவில்லை. சீடர் வைத்திலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. விசைப்படகு மெக்கானிக்காக இருந்தவர். மனைவி செத்த பிறகு சாமியிடம் வந்து, நாதியற்ற நோயாளிகளைத் துடைத்துக் கழுவிக்கொண்டு மடத்திலேயே தங்கிவிட்டார்.

"ஆயில் சூட்டைக் காட்ட ஒரு மீட்டர் மாட்டணும். முள்ளு சிவப்புக்குப் போனா உடனே லோடைக் குறைச்சிடலாம். இன்ஜின் பொழைச்சுக்கும்."

"முள்ளுக்கு எல்லாம் தெரியுமாண்ணே?"

"சூடு தெரியும் சாமி. அது போதாதா?"

சாமி இருமினார். பிறகு, மாட்டச் சொன்னார்.

ஆயில் வடிக்கிற போல்ட்டைக் கழற்றி, அந்தத் துளையில் சென்சாரை முறுக்கினார் வைத்திலிங்கம். செம்பு வாஷர் வைத்து, ஒரு சொட்டு கசியாமல் இறுக்கினார். வயரை இழுத்து மீட்டரை ஷெட் சுவரில் பதித்தார். கட்டிக்கொடுத்த மகளைப் பார்ப்பதுபோல் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த புயலும் வந்தது. கரண்ட் கம்பங்கள் சாய்ந்தன. ரோடு தண்ணீருக்குள் போனது. ஆம்புலன்ஸ் வர வழியில்லை.

மடத்தில் அப்போது இரண்டு ஆக்ஸிஜன் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஒன்று சாமிக்கு. நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்தது அவருக்கு. மற்றது பஸ் ஸ்டாண்டில் கிடந்து, மடத்துக்குத் தூக்கி வரப்பட்டவருக்கு. அவர் பெயர்கூடச் சொன்னதில்லை. கஞ்சி கொடுத்தால் கொடுத்தவர் முகத்தில் துப்புவார். கொடுத்தவர் பெரும்பாலும் வைத்திலிங்கம்தான்.

மெஷின் இல்லாமல் இருவருமே அன்றைய பொழுதைத் தாண்ட முடியாது.

மத்தியானம் முள் ஏறத் தொடங்கியது. வைத்திலிங்கம் விளக்குகளை அணைத்தார். ஃபேன்களை நிறுத்தினார். தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார். முள் சிவப்பைத் தொட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சாமியின் கட்டிலுக்கு வந்தார்.

"முள்ளு இறங்கிடுச்சு சாமி. சிவப்புக்குக் கீழ கோட்டுல நிக்குது. கரண்ட் வர்ற வரைக்கும் பயமில்ல."

"எதை நிறுத்துனீங்க?"

"லைட்டு, ஃபேனு, மோட்டாரு."

"அப்புறம்?"

வைத்திலிங்கம் கையிலிருந்த ஆயிலைத் துண்டில் துடைத்தார்.

சாமி காதைத் தீட்டிக் கேட்டார். வார்டில் ஒரே ஒரு மெஷின்தான் ஓடியது. அது அவருடையது.

"அது இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கிற கட்டை சாமி. நீங்க இருந்தா இன்னும் எத்தனை பேரு..."

சாமி மூக்கிலிருந்த குழாயைக் கழற்றினார். தன் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். கட்டில் கட்டிலாகப் பிடித்துக்கொண்டு வார்டின் மறுகோடிக்கு நடந்தார். பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்காரரின் உதடு நீலம் பூத்திருந்தது. சாமி அவருடைய மெஷினின் பிளக்கைச் செருகினார். மெஷின் உறுமிக்கொண்டு எழுந்தது.

அந்த மனிதர் ஒரு மூச்சு இழுத்தார். வெகுநேரம் கழித்து இன்னொன்று.

தான் செய்தது என்னவென்று அப்போதுதான் வைத்திலிங்கத்துக்கு உறைத்தது. ஆனாலும் சாமியை இழக்க மனம் ஒப்பவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வேணாம் சாமி. வந்து படுங்க."

சாமி அந்தக் கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். பேச மூச்சு பற்றவில்லை.

"போய்... முள்ளைப் பாருங்கண்ணே."

வைத்திலிங்கம் மழையில் ஷெட்டுக்கு ஓடினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் கண்ணாடியைத் துண்டால் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

முள் அதே கோட்டில் நின்றது.