தரைக்கு அடியில் கிடந்த மணல்

கடலோர ஊர் ஒன்றின் மடத்தில் சிவகாமி அம்மை இருந்தார். பயத்தைப் போக்குகிறவர் என்று பெயர். பேயைப் பார்த்தவன், படகு கவிழ்ந்து பிழைத்தவன் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள்.

ஒருநாள் காலையில் சீடர் பொன்னுமுத்து மூச்சிரைக்க வந்தார். கொத்தனார், வயதில் அம்மைக்கு மூத்தவர். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"அம்மை, நேத்து மணலைச் சோதிக்க ஆளுங்க வந்தாங்க. கதிர்வீச்சை அளக்குற அவங்க கருவி கடற்கரையில கடகடன்னு கத்திச்சு. எங்க வீட்டுக்குள்ள அதைவிடக் கத்திச்சு."

"வீட்டுக்குள்ள எதுக்கு?"

"தரைக்கு அடியில அந்தக் கறுப்பு மணலைத்தான் நிரப்பினேன். சும்மா கிடைக்குது, நல்லா இறுகும்னு. அதுல தோரியம் இருக்காம். நாளைக்கு நாட்டுக்கே அதுலதான் கரண்டாம்."

அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் படுக்கும் அறையில்தான் கருவி அதிகம் கத்தியது.

"பிள்ளைக்கு ஏதாவது ஆகுமான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். காலங்காலமா மக்கள் இங்கதானே இருக்காங்க, ஒண்ணும் ஆகாதுன்னு ஒருத்தர் சொன்னாரு. இன்னொருத்தர் பதில் சொல்லாம பேனாவை மூடிட்டாரு."

பொன்னுமுத்து தரையில் உட்கார்ந்தார்.

"ராத்திரி முழுக்க மக பக்கத்துலயே இருந்தேன். அதுக்கு மணம் இல்ல, சூடு இல்ல. எதைப் பாத்துப் பயப்படுறதுன்னே தெரியல அம்மை."

"இப்ப என்ன வேணும்?"

"பயப்படாதேன்னு ஒரு வார்த்தை. கொஞ்சம் திருநீறு."

"யாருக்குப் பூச? கருவிக்கா?"

அம்மை மடத்துக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பொன்னுமுத்துவின் வீட்டுக்கு நடந்தார். மகளைக் கூப்பிட்டார்.

"மடத்துல செம்மண் தரை, மகளே. பிள்ளை பெறுற வரைக்கும் அங்க வந்து படு."

அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனாள். அம்மை சேலையை இடுப்பில் செருகி, சிமெண்டுத் தரையில் கடப்பாரையை இறக்கினார். தரை பிளந்தது. உள்ளே கறுப்பு மணல் மினுமினுத்தது, பார்க்க அழகாகவே இருந்தது.

அம்மையின் கைகள் நடுங்கின. அம்மை நடுங்கிப் பொன்னுமுத்து பார்த்ததே இல்லை.

"உங்களுக்குப் பயமே கிடையாதுன்னுல்லா ஊரு சொல்லுது?"

"ஊரு சொல்லும். எனக்கும் பயந்தான், அண்ணே. மூக்கைத் துணியால கட்டிட்டு மம்பட்டிய எடுங்க."