ஜன்னலோர பெஞ்சில் நாலு பேர்

பிள்ளைகளின் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற பூதலிங்கம் டாக்டர் என்றால், நாகர்கோவிலில் ஆட்டோக்காரர் விலாசம் கேட்க மாட்டார். அவர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் அவரிடம் தொழில் படிக்கிற மெர்லின் பார்ப்பாள். அவளும் டாக்டர்தான், கெட்டிக்காரி. வேகமாகப் பார்ப்பாள், வேகமாக எழுதுவாள். வாசலில் கூட்டம் தேங்கவே தேங்காது.

ஒரு வியாழக்கிழமை, கடைசிப் பிள்ளையும் போன பிறகு, அவள் கேட்டாள். ஒரு இடத்தில் நிற்காத பிள்ளைகள், சொன்னது மனசில் தங்காத பிள்ளைகள், இவர்களுக்கு டாக்டர்கள் கண்டமேனிக்கு மாத்திரை கொடுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. பெற்றவர்கள் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள்.

"நெசமாவே நாம அதிகமாத்தான் குடுக்குறோமா சார்?"

பூதலிங்கம் கடந்த மாதம் அவள் மாத்திரை எழுதிய பிள்ளைகளின் தாள்களைக் கொண்டுவரச் சொன்னார். நாலு பேர். நாலு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே மூன்றாம் வகுப்பு. பதினெட்டுக் கேள்விகளுக்கு டீச்சர் டிக் போட்டு அனுப்புகிற தாள் ஒவ்வொன்றோடும் இருந்தது. உட்கார்கிறதா, மறக்கிறதா, நடுவில் பேசுகிறதா, இப்படி.

"டிக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். "இந்த நாலு பேரும் வகுப்புல எங்க உட்காருறாங்க?"

மெர்லின் தாள்களைப் புரட்டினாள். அந்தக் கேள்வி தாளில் இல்லை.

மறுநாள் காலை இரண்டு பேருமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மூன்றாம் வகுப்புக்குத் தங்கபுஷ்பம் டீச்சர். ஐம்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு டீச்சர், ஓடாத ஃபேன் ஒன்று. மார்க் பார்த்துத்தான் இடம். நல்ல மார்க் வாங்கினவர்கள் சுவர் பக்கம், கரும்பலகைக்கு நேரே. குறைந்தவர்கள் ஜன்னல் பக்கம், கடைசியில். நாலு பேரும் அந்த ஜன்னலோர பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மாத்திரை தின்ன பிறகு நல்லா அடங்கிட்டாங்க என்று டீச்சர் சந்தோஷப்பட்டார். அடங்கித்தான் இருந்தார்கள். ஒருவன் மத்தியானச் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. பசிக்கலை என்றான். இன்னொருத்தி, பேச்சுக்காரி என்று பெயர் வாங்கினவள், யாரோடும் பேசவில்லை.

சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்க இரண்டு டாக்டர்களும் நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே புதுச் சாலைக்கு மண் வெட்டிக்கொண்டிருந்தது ஒரு ஜேசிபி. அது கையை நீட்டும், மண்ணை அள்ளும், திரும்பும், லாரியில் கொட்டும். வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு நடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மெர்லின் திரும்பிப் பார்த்தால், பூதலிங்கம் வாயைத் திறந்தபடி ஜேசிபியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சார்" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

"என்ன மக்ளே, அந்த டிரைவர் ஒரு துளி மண்ணைக்கூடச் சிந்தலை பாத்தியா?" என்றார்.

அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி விட்டதும் பூதலிங்கம் தங்கபுஷ்பம் டீச்சரிடம் அனுமதி கேட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை மெர்லின் பிடிக்க, ஜன்னலோர பெஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய் முன்வரிசையில் போட்டார்கள். முன்வரிசை பெஞ்சு ஜன்னலுக்குப் போயிற்று. ரெண்டு வாரம் இப்படியே இருக்கட்டும், பிள்ளைகளும் அந்தந்த பெஞ்சோடயே போகட்டும் என்றார்.

மெர்லினுக்கு டீச்சர் மேல் கோபம். ஜன்னலுக்கு வெளியே இருக்கிறதை ஒரு தடவையாவது பார்த்தியளா என்று கேட்டுவிட்டாள்.

தங்கபுஷ்பம் டீச்சர் நிதானமாகக் குடையை எடுத்துக் கையில் மாட்டினார்.

"நான் டிக்தான் போட்டேன் டாக்டரம்மா. அதுக்கு எனக்கு ஒரு வாரம் ஆச்சு. நீங்க மருந்து எழுதுனது எத்தனை நிமிஷத்துலன்னு அந்தப் பிள்ளையள்ட்ட கேட்டேன். சொல்லட்டா?"

மெர்லின் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். தங்கபுஷ்பம் டீச்சரிடமிருந்து புதுசாக ஒரு தாள் வந்தது. ரெஜின் என்ற பையன். உட்கார மாட்டேங்கிறான், சொன்னது மறந்துபோகிறது, கவனம் வெளியே. பதினெட்டில் பதினைந்து டிக். மெர்லின் பெயரை இரண்டு தரம் படித்தாள். இந்த ரெஜின்தான் வகுப்பில் முதல் மார்க். ஒரு வாரத்துக்கு முன்னால் சுவர் பக்கம் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன், இப்போது ஜேசிபிக்கு நேரே இருக்கிறான்.

அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் பெரிய தெளிவு வந்துவிட்டது அவளுக்கு. நோய் பிள்ளைகளுக்கு இல்லை, பெஞ்சுக்குத்தான். எல்லாம் வீண் மாத்திரை. அன்றைக்கே நாலு வீட்டுக்கும் போன் போட்டாள். நாளையிலிருந்து மாத்திரை வேண்டாம், பிள்ளை நல்லா இருக்கு என்றாள். மூன்று வீட்டில் அழுதுவிட்டார்கள், சந்தோஷத்தில். நாலாவது வீட்டில் லீதியாள் என்ற அம்மா, ஒரு தடவை நேரில் கூட்டிட்டு வரட்டா என்று கேட்டாள். தேவையே இல்லை என்று சொல்லிவிட்டாள் மெர்லின்.

பூதலிங்கம் அப்போது ஊரில் இல்லை. அடுத்த வியாழக்கிழமை வந்தவரிடம் அவள் வாசலிலேயே எல்லாம் சொன்னாள். ரெஜினின் தாளைக் கொடியைப் போல ஆட்டிக் காட்டினாள்.

"மூணு பிள்ளையையும் நேத்து போய்ப் பார்த்தேன் சார். ஒருத்தன் ரெண்டாம் தரம் சோறு வாங்கித் திங்கிறான். அந்தப் பேச்சுக்காரி என்னை விடவே இல்லை."

"நாலாவது?"

"அன்னைக்கு அவ வரலை சார், லீவு. ஆனா அவளும் முன்பெஞ்சுதானே."

பூதலிங்கம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.

முதல் சீட்டே லீதியாளுடையது. முந்திரிப்பருப்பு உடைக்கிற ஆலையில் வேலை. விரலெல்லாம் கறுத்திருந்தது. மகள் ஜெனிஷாவை வெளியே நர்ஸ் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தாள். நின்றுகொண்டே பேசினாள். சத்தம் போடவில்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் ஜெனிஷா ஒரு நாய்க்குட்டிக்குப் பின்னால் ரோட்டில் இறங்கிவிட்டாள். டெம்போக்காரர் பிரேக்கை மிதித்ததால் முழங்கைத் தோலோடு போயிற்று. எட்டு வயசுக்குள் இது மூன்றாவது தடவை. மாத்திரை தின்ற மாதத்தில் ஒரு தடவைகூட இல்லை. பிள்ளைக்குப் பசி குறையவில்லை, பேச்சு குறையவில்லை. கடைக்கு அனுப்பினால் போய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ராத்திரி சோத்துக்கு முந்தி எங்க வீட்டுல ஜெபம் உண்டு டாக்டரம்மா. பிறந்ததுல இருந்து பாதி ஜெபத்துல எந்திரிச்சி ஓடுவா. அவ அப்பா அடிப்பாரு, நான் அழுவேன். அந்த ஒரு மாசம் ஓடலை. உக்காந்து ஆமென் சொன்னா. சொல்லிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா. இம்புட்டுதானா அம்மான்னு கேட்டா."

லீதியாள் இரண்டு டாக்டர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெஞ்சை மாத்துனிய, நல்ல காரியம். அந்த மூணு பிள்ளையளும் தேறிட்டு, எனக்கும் சந்தோஷம்தான். எங்க வீட்டுல நான் எந்த ஜன்னலை அடைக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

பூதலிங்கம் அவளை உட்காரச் சொன்னார். முழங்கைக் காயத்தைக் கேட்டார், தூக்கத்தைக் கேட்டார், அடிக்கிற அப்பாவை அடுத்த வாரம் கட்டாயம் கூட்டிவரச் சொன்னார். பிறகு, பிள்ளை பக்கத்தில் போய் இருங்கம்மா, இப்போ கூப்பிடுறோம் என்று அனுப்பிவைத்தார்.

கதவு சாத்தியதும் மெர்லின் மருந்துச் சீட்டுப் புத்தகத்தை இழுத்தாள். கண் நிறைந்திருந்தது. பழைய மாத்திரையை, பழைய அளவை, மளமளவென்று எழுத ஆரம்பித்தாள்.

பூதலிங்கம் பேனாவை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினார்.

"அவளுக்கு மாத்திரை வேணும்தானே சார்?"

"வேணும்னுதான் தோணுது."

"அப்போ நான் முதல்ல எழுதுனதுதான் சரி. நிறுத்துனதுதான் தப்பு."

"அவளுக்கு நீ எழுதுனது பொருந்திப் போச்சு மக்ளே. சரியான்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது."

அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் மாத்திரை அதிகமா, குறைவா, இந்த ஒன்றையாவது எனக்குச் சொல்லிவிடுங்கள் சார் என்றாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு போகிறேன் என்றாள்.

பூதலிங்கம் சுழல்நாற்காலியை விட்டு எழுந்து, பெற்றவர்கள் உட்காரும் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

"எழுதும்போது தாளைப் பார்த்தே. நிறுத்தும்போது பெஞ்சைப் பார்த்தே. பிள்ளை வெளியில இருக்கா, அவளைக் கூப்பிடு."