பதில் சொல்லாத விருந்தாளி

ஏரிக்கரை நாவல் மரத்தில் பூவரசி என்ற அணில், கண் திறக்காத தன் குட்டிகளோடு வாழ்ந்து வந்தாள். அவளைப் பார்க்க அவள் தம்பி வரியன் வந்திருந்தான். அவன் பட்டணத்துப் பேருந்து நிலையத்தில் வளர்ந்தவன். வாழைத்தார் ஏற்ற வந்த லாரியில் ஒளிந்துகொண்டு அந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தான்.

வந்தது முதல் அவனுக்கு நிம்மதி இல்லை.

"என்னக்கா, ஒரு சத்தமும் இல்லை! ஊரில் எல்லாரும் எங்கே போனார்கள்?"

"எல்லாரும் இருக்கிறார்கள். இங்கே மத்தியானம் இப்படித்தான்."

"எனக்குப் பயமா இருக்கு அக்கா. ஹாரன் சத்தம் கேட்டால் எங்கிருந்து வண்டி வருதுன்னு தெரியும். இங்கே எது எங்கிருந்து வரும்னே தெரியலையே!"

பூவரசி சிரித்தாள். "அதற்குத்தான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வா, காட்டுகிறேன்."

மரத்தடியில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தன. நடுவில் மூத்த குருவி தலையைத் தூக்கி, "இருக்கீங்களா?" என்று கத்தியது.

"இருக்கேன்! இருக்கேன்!" என்று ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தன. பூவரசியும் கொடுத்தாள்.

"யாராவது பதில் சொல்லவில்லை என்றால்?" என்றான் வரியன்.

"தின்பதை விட்டுவிட்டு எல்லாரும் தேடப் போவோம்."

"இப்படிக் கத்தினால் பூனைக்கு நாமே வழி சொன்ன மாதிரி ஆகாதா? எங்கள் ஊரில் வாயை மூடிக்கொண்டு பதுங்குகிறவன்தான் பிழைப்பான்!"

"பட்டணத்து மாப்பிள்ளை வாயில் பழம் இருக்கு, அதான் திறக்கமாட்டேங்கிறார்!" என்றது ஒரு சின்னக் குருவி. மற்றவை கெக்கலித்தன.

அப்போது பக்கத்துப் பனையிலிருந்து காய்ந்த மட்டை ஒன்று தொப்பென்று விழுந்தது.

அவ்வளவுதான். வரியன் ஒரே பாய்ச்சலில் கரைமேட்டைத் தாண்டி, பட்டுப்போன வேலமரத்தின் பொந்துக்குள் நுழைந்துகொண்டான்.

"இருக்கீங்களா?" மூத்த குருவியின் குரல் கேட்டது.

வரியன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான்.

"வரியா! இருக்கியாடா?" இது பூவரசி.

'கத்தினால் மாட்டிக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே பேசாமல் போய்விடுவார்கள்' என்று நினைத்தான்.

அவர்கள் போகவில்லை. குருவிகள் தாழப் பறந்து புதர் புதராகத் தேடின. பூவரசி மர நிழலை விட்டு, ஒரு செடிகூட இல்லாத ஏரிமணலுக்கு இறங்கினாள். "தம்பி! தம்பி!" என்று கூப்பிட்டுக்கொண்டே அங்குமிங்கும் ஓடினாள்.

பொந்தின் ஓட்டை வழியாக வரியன் அவளைப் பார்த்தான். அவளுக்கு மேலே வானத்தையும் பார்த்தான். அங்கே ஒரு வல்லூறு வட்டமிட்டுக்கொண்டிருந்தது. எல்லாக் கண்களும் தரையில் அவனைத் தேடிக்கொண்டிருந்ததால் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

வல்லூறு வட்டத்தைச் சுருக்கியது.

குரல் கொடுத்தால் தன் இடம் தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால், அக்கா! கூட்டில் இருக்கும் அந்தக் குட்டிகள்!

பொந்திலிருந்து வெளியே பாய்ந்தான். "அக்கா! இருக்கேன்! மேலே பார்! ஓடு!"

பூவரசி துள்ளி விலகினாள். அவள் நின்ற இடத்தில் வல்லூற்றின் நகங்கள் மணலைக் கிழித்தன. அது உடனே எழும்பி வரியன் பக்கம் திரும்பியது. அதற்குள் குருவிகள் எல்லாம் கூச்சலிட்டு அதன் முகத்தில் மோதின. வல்லூறு வெறுங்கையோடு போனது. ஆனால் போகிற போக்கில் சின்னக் குருவியின் சிறகைக் கீறிவிட்டுப் போனது.

சின்னக் குருவி மணலில் உட்கார்ந்து நடுங்கியது. வரியன் அதன் அருகில் போய்த் தலைகுனிந்து நின்றான்.

"மட்டை விழுந்த சத்தம்... பயந்துட்டேன்" என்றான்.

"பயப்படு! யார் வேண்டாம் என்றது?" என்று மூத்த குருவி சீறியது. "பயமாயிருக்குன்னு பொந்துக்குள்ளிருந்தே ஒரு வார்த்தை கத்தியிருந்தால், இவள் சிறகு முழுசாக இருந்திருக்குமே!"

பூவரசி நாவல் மரத்துக்கு ஓடினாள். மரத்தில் ஏறிக் குட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள்.

அஞ்சி ஒளிவது குற்றமில்லை. நம்மைத் தேடுகிறவர்களுக்குக் குரல் கொடுக்காமல் ஒளிந்தால், நம் ஆபத்தை அவர்கள் தலையில் ஏற்றியவர்கள் ஆவோம்.