செல்லக்கனியின் காது மெஷின்

ஏட்டு வெயில்முத்து போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய சந்தேகம் மட்டும் ஓய்வு பெறவில்லை. பால்காரர் ஊற்றும் பாலை முகர்ந்து பார்ப்பார். வீட்டுக்கு வரும் சொந்தக்காரரிடம் எந்த பஸ்ஸில் வந்தாய், பக்கத்து சீட்டில் யார் இருந்தார் என்று விசாரிப்பார்.

சும்மா இருக்கப் பிடிக்காமல், சாத்தூர் பஜாரில் செல்போன் கடை வைத்திருந்த ஷமீமாவிடம் ரிப்பேர் வேலை கற்கப் போனார். அவளுக்கு அவருடைய மகள் வயதுதான். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். அவள் அவரை ஏட்டையா என்றாள்.

ஒரு நாள் மனைவி செல்லக்கனியின் காது மெஷினைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தார். செல்லக்கனிக்கு ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது. மற்றதில், மெஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கும். சத்தத்தைக் கூட்டித் தரும்படி கேட்டதற்கு மதுரை டாக்டர் மறுத்துவிட்டார். அளவு மீறினால் இருப்பதும் போய்விடுமாம்.

ஏட்டையா அதை நம்பவில்லை.

"சத்தத்தை வேணும்னே பூட்டி வச்சிருக்கான் டீச்சர். அடிக்கடி நம்மள மதுரைக்கு வரவைக்கணும்ல?"

பூட்டைத் திறக்கும் சாஃப்ட்வேரை இன்டர்நெட்டிலிருந்து எடுத்துவிட்டாராம். கேபிளும் கையில் இருந்தது. மெஷினில் அதை ஏற்ற மட்டும் டீச்சர் துணை வேண்டும்.

ஷமீமா மாட்டேன் என்றாள். போன் கெட்டால் வேறு போன் வாங்கலாம், காதுக்கு எங்கே போவது என்றாள்.

உடனே ஏட்டையாவுக்குப் பழைய உத்தியோகம் நினைவுக்கு வந்துவிட்டது. அந்த டாக்டரை உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். மெஷின் கம்பெனி ஆட்கள் யாராவது கடைக்கு வந்தார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். இல்லை என்று சொல்ல ஏன் இவ்வளவு யோசித்தாய் என்று கேட்டார். நேற்றுவரை தெய்வமாகத் தெரிந்த டீச்சர் இப்போது கூட்டுக் களவாணியாகத் தெரிந்தாள்.

பிறகு அவரே கைக்குட்டையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நான் பேசுறது அவளுக்குக் கேக்கணும் டீச்சர். வேற எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

ஷமீமா கேபிளை வாங்கி, மெஷினைக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். ஏட்டையாவின் முகம் மலர்ந்தது.

"ஏத்திருவோம்" என்றாள். "ஏத்தினதும் முதல்ல உங்க காதுல வச்சுப் பாப்போம். சரியா இருந்தா அம்மாவுக்குக் கொடுத்துருவோம்."

அவள் விரல் பட்டன் மேல் இருந்தது.

ஏட்டையாவின் கை தானாகவே தன் காதுக்குப் போனது. தலைக்கு மேலே ஃபேன் கிறீச்சிடுவது கேட்டது. தெருவில் கொய்யாப்பழம் விற்பவர் கூவுவதும் கேட்டது. அவருக்குப் பயமாகிவிட்டது.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர்."

"ஏன் ஏட்டையா?"

"இல்ல... இந்த சாஃப்ட்வேரைச் செஞ்சு போட்டவன் யாரு, எந்த ஊர்க்காரன், எதுவுமே நமக்குத் தெரியாதே."

ஷமீமா பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். மெஷினைக் கழற்றி, அதே கைக்குட்டையில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வீட்டுல அம்மா காதுலருந்து இதைக் கழட்டினப்போ ஏன் அது தோணலை, ஏட்டையா?"